நண்பகல் வரை மௌனம்

நிதி அமைச்சகத்தின் ஆறாவது மாடியில் அவளுக்குக் குக்கர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வெளிநாட்டுப் பொருளாதார ஒத்துழைப்புப் பிரிவின் இணைச் செயலாளர். கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும். அடுத்து ஒரு நீண்ட மூச்சு. அதற்கப்புறம் வருவது சத்தம். அந்தச் சத்தத்தில் ஐந்தாவது மாடிக் கோப்புகள் தாமாக எழுந்து கையெழுத்துக்கு நடந்து போகும், வாசலில் நிறுத்திய கார்கள் அலறும், எதிர்க் கட்டடத்துப் புள்ளிவிவரத் துறையில் புள்ளிகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். லிஃப்டில் சந்திக்கிறவர்கள் "சௌக்கியமா" என்று கேட்பதில்லை. "இன்னிக்கு எத்தனை விசில்?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

அன்று காலை அவள் மேசைமேல் ஒரு தலையணை உறை இருந்தது. தங்கை அனுப்பியது. துவைத்து, கஞ்சி போட்டு, கத்தி மடிப்பாக இஸ்திரி போட்டு அனுப்பியிருந்தாள். நிறம் மட்டும் மழைக்கு முந்தின வானம்.

"கலர் நல்லா இருக்கே, புதுசா?" என்று போனில் கேட்டாள் குக்கர்.

"அது வெள்ளை, அக்கா" என்றாள் தங்கை. போனை வைத்துவிட்டாள்.

தங்கை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் லாண்டரி நடத்தினாள். நகரத்து ஆஸ்பத்திரிகளில் யார் படுத்தாலும் அவள் வெளுத்த விரிப்பில்தான் படுக்க வேண்டும். அதே தெருக்கோடியில் நகராட்சி ஒரு குப்பை உலை வைத்திருந்தது. சின்ன உலை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் விரிப்புகளில் சாம்பல் படியும். தங்கை மறுபடி துவைப்பாள், உலை மறுபடி சாம்பல் போடும். இருவரில் யார் முதலில் சோர்வது என்று பந்தயம் நடந்துகொண்டிருந்தது. இப்போது அந்தச் சின்ன உலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உலை வரப்போகிறது என்று தெருவில் பேச்சு. பெரியது என்றால், சின்னதை அதன் வாய்க்குள் வைத்து வெற்றிலைபோல மெல்லலாம், அவ்வளவு பெரியது.

தெருவில் வெறும் பேச்சாக இருந்தது, குக்கரின் கையில் அச்சடித்த வரியாக இருந்தது. அதனால்தான் அவள் எழுந்தாள். மூக்கு விடைத்தது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் அவரவர் தேநீரைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். ஏழு நாடுகள் சேர்ந்து ஒரு பசுமை நிதி தொடங்குகின்றன. அந்த நிதி உலகச் சந்தையில் பத்திரம் விற்றுக் கடன் வாங்கும். பசுமைக் காரியத்துக்கு என்பதால் குறைந்த வட்டி கொடுத்தால் போதும். எங்கோ இருக்கிற பள்ளி ஆசிரியர்களின் ஓய்வூதியப் பணமும், நர்ஸுகளின் சேமிப்பும், 'நமக்கு வட்டி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நம் காசு நல்ல காற்றாகட்டும்' என்று நம்பி அதில் வந்து சேரும். ஆகவே எது பசுமை, எது இல்லை என்று ஏழு நாடும் ஒப்புக்கொண்ட ஒரு வரையறை வேண்டும். இரண்டு வருடமாக அதை எழுதினார்கள். மின்சாரப் பஸ் உண்டு, வெள்ள வடிகால் உண்டு, சூரிய ஒளி உண்டு. கடைசி வரைவில், நாற்பதாம் பக்கத்தின் அடிவாரத்தில், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றின மாதிரி ஒரு வரி: குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலைகள், இடைக்காலப் பசுமை.

செயலாளரின் அறைக்குள் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள்.

செயலாளருக்கு மெத்தை என்று பெயர். குத்தினால் குழிவார், கையை எடுத்தால் பழையபடி உப்பிக்கொள்வார். அமைச்சகத்தில் அவர்மேல் விழுந்து அடிபட்டவர் கிடையாது, எழுந்து நின்றவரும் கிடையாது. பணிவு என்றால் அப்படி ஒரு பணிவு. யார் மின்னஞ்சல் அனுப்பினாலும் நன்றி எழுதுவார். நன்றிக்கும் நன்றி எழுதுவார். ஒருமுறை 'உங்கள் அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டது' என்று கம்ப்யூட்டர் தானாக அனுப்பிய எச்சரிக்கைக்கு, தெரியப்படுத்தியமைக்கு மனமார்ந்த நன்றி என்று எழுதினார், அந்த நன்றி போக இடமில்லாமல் திரும்பி வந்தது, அதற்கும் எழுதினார்.

"இது என்ன சார்?" என்றாள் குக்கர்.

"எதும்மா?"

"இடைக்காலப் பசுமை. இப்ப கறுப்பா இருக்கும், போகப் போகப் பச்சையாகும்னா? கரி என்ன மாங்காயா சார், பழுக்கிறதுக்கு?"

"ஒரு வரிதானேம்மா."

"விஷமும் ஒரு சொட்டுதான் சார்."

முதல் விசில் அது. மெத்தை குழிந்துகொடுத்தார். உலை கட்டப்போகும் வெளிநாட்டுக் கம்பெனியின் தாய்நாடு, ஏழுக்கு வெளியே இருந்தாலும், நிதியில் பெருந்தொகை போடப்போகிறது, அமைச்சர் அதை மேடையில் அறிவிக்கக் காத்திருக்கிறார், முதல் உலை நம் நாட்டிலேயே வருவது நமக்குப் பெருமை என்று பஞ்சு பஞ்சாக எடுத்து வைத்தார். தான் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுவதையும், அந்த நிதிக்கு ஓர் ஆலோசகர் தேவைப்படுவதையும் மட்டும் எடுத்து வைக்கவில்லை. அது ஆறாவது மாடியில் பூனைக்குக்கூடத் தெரியும்.

"ஊரான் வீட்டு டீச்சர் காசை வாங்கி என் தங்கச்சி வீட்டுக் கொடியில சாம்பல் கொட்டப் போறோம். அதுக்குப் பேரு பசுமை. பசுத்தோல் போர்த்தின புலியைக் கேள்விப்பட்டிருக்கேன் சார். இங்க புலிக்குத் தோல் தைக்கிற வேலையை நாமளே எடுத்திருக்கோம், அதுவும் குறைஞ்ச வட்டிக்கு."

இரண்டாவது விசில். மூன்றாவதில் சுவரில் மாட்டியிருந்த அமைச்சர் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மெத்தை எழுந்து போய் அதை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ சொல்றது நியாயம்மா" என்றார். அவர் நியாயம் என்று சொன்னால் காரியம் முடிந்தது, நடக்காது என்று பொருள். "ஆனா வரைவு மௌன நடைமுறைக்குப் போயாச்சு. நாளை நண்பகல் வரைக்கும் மௌனம். யாரும் பேசலைன்னா ஏழு நாடும் ஒத்துக்கிட்டதா அர்த்தம். நாம பேசப்போறதில்லை."

மௌன நடைமுறை என்பது நாடுகள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஒரு விசித்திரம். கல்யாணத்தில் பெண்ணைக் கேட்காமல், 'அவள் ஒன்றும் சொல்லவில்லை, சம்மதம்தான்' என்று தட்டை மாற்றிக்கொள்வோமே, அதை வெளியுறவுக்காரர்கள் கோட்டும் டையும் போட்டுச் செய்வார்கள். வரைவைச் சுற்றுக்கு விட்டு ஒரு கெடு வைப்பார்கள். கெடு முடியும்வரை எந்த நாடும் வாய் திறக்காவிட்டால் ஒப்பந்தம் நிறைவேறியது. திறந்தால் மறுபடி மேசைக்கு.

இதில் ஒரு பழைய கதை உண்டு. பல வருடங்களுக்கு முன், இதே ஏழு நாடுகளின் வேறோர் ஒப்பந்தத்தில், ஒரு நாடு மௌனத்தின் நடுவே 'வரைவை ஆர்வத்துடன் கவனித்தோம்' என்று ஒரு வரி எழுதிவிட்டது. அது ஆட்சேபமா, பாராட்டா, கொட்டாவியா என்று ஏழு நாடும் ஒரு வருடம் அடித்துக்கொண்டன. மூன்று தூதர்களுக்கு ரத்தக் கொதிப்பு வந்தது, ஒருவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டார் என்றும் கேள்வி. கடைசியில் பொறுமையிழந்து கத்தியது, அப்போது இளம் அதிகாரியாக இருந்த குக்கர்தான். "மௌனம்னா மௌனம். தும்மினாலும் கலைஞ்சதுதான். கலைச்சவங்க ஏழு நாட்டுக்கு முன்னாடி வந்து ஏன் கலைச்சோம்னு காரணம் சொல்லணும்" என்றாள். அந்தச் சத்தத்தில் பயந்து அப்படியே விதியாக எழுதிவிட்டார்கள்: மௌன காலத்தில் வரும் எந்தப் பதிலும், அதன் பொருள் எதுவாயினும், மௌனத்தைக் கலைத்ததாகக் கொள்ளப்படும், கலைத்த நாடு நேரில் காரணம் கூற வேண்டும்.

"நாம பேசலைன்னா நான் பேசறேன் சார்" என்றாள் குக்கர். "மாற்றுப் பிரதிநிதி நான்தான். எனக்கும் எழுத உரிமை இருக்கு."

"இருந்ததும்மா" என்றார் மெத்தை, மிகுந்த வருத்தத்துடன். "காலையில, மௌனம் தொடங்கறதுக்கு முன்னாடியே, ஏழு நாட்டுச் செயலகத்துக்கு எழுதிட்டேன். இந்தச் சுற்றுல நம்ம நாட்டுக்காகக் குழுத் தலைவர் நான் ஒருத்தன்தான் பேசுவேன்னு. நன்றின்னு பதில் வந்தது. நானும் நன்றி சொன்னேன். நாளைக்கு நண்பகல் வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா மாற்றல்தான். நியாயமாத்தான் சொல்றேன்."

அதன் பிறகு அடித்த விசிலை எண்ண ஆளில்லை. எண்ணுகிறவர்கள் படியிறங்கி ஓடிவிட்டிருந்தார்கள்.

அந்தக் கோபத்தோடு வீட்டுக்குப் போனால் கூடத்தில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

மகளைக் கொடுத்த இடம். குக்கர் அமைச்சர்களிடம் கத்துவாள், தூதர்களிடம் கத்துவாள், அண்டை நாட்டுப் பிரதமர் ஒருவர் அவள் குரல் கேட்டுக் கையிலிருந்த பேனாவைத் தவறவிட்டதாக ஒரு செய்தி உண்டு. சம்பந்தியிடம் மட்டும் கத்த முடியாது. இங்கே அடிக்கிற விசில் அங்கே மகளின் சமையலறையில் கேட்கும். இதைத் தெரிந்துகொண்டுதானோ என்னவோ, உலைக் கம்பெனி அந்த மனிதரைத் தன் உள்ளூர் ஆலோசகராக வைத்துக்கொண்டிருந்தது.

"வாங்க சம்பந்தியம்மா, களைச்சுப்போய் வரீங்க" என்று அவள் வீட்டிலேயே அவளை வரவேற்றார். குக்கரின் கணவர் அடுப்படியில் தேநீர் போடுவதாகச் சொல்லிப் போனவர், தேயிலை பயிரிட்டு, பறித்து, காயவைத்துக்கொண்டிருந்தார்போல, வரவே இல்லை.

சம்பந்தி ஒரு வழவழப்பான புத்தகத்தை விரித்துக் காட்டினார். அட்டையில் புகைபோக்கி. புகைபோக்கியில் பச்சை இலை. உச்சியில் ஒரு குருவி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது.

"அந்தக் குருவி உசிரோடதான் இருக்கா சம்பந்தி?" என்று குக்கர் மரியாதையாகக் கேட்டாள்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்களுக்கு எப்பவும் தமாஷ்தான். நாளைக்குக் கையெழுத்தாயிடும்னு சொன்னாங்க. செயலாளர் தங்கமான மனுஷன். நீங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு கம்பெனிக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"எதை வச்சுக் கொடுத்தீங்க?"

"நம்ம உறவை வச்சுத்தான். வேற என்ன இருக்கு?" வராத தேநீர்க் கோப்பையைத் தேடினார். "உங்க தங்கச்சியைப் பத்திக் கவலைப்படாதீங்க. அந்தத் தெருவுல இருக்கிறவங்களுக்கெல்லாம் கம்பெனி வேற இடம் காட்டும். ஊருக்கு வெளியே. நல்ல காத்து."

"காத்து நல்லாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரி இருக்காதே. காட்டுல யாருக்கு வெளுக்கிறது, வரிக்குதிரைக்கா?"

"அதுவும் பாதி வெள்ளைதானே" என்று சொல்லி மறுபடி சிரித்தார்.

குக்கருக்கு மூக்கு விடைத்தது. மூச்சை இழுத்தாள். இழுத்ததை விட முடியவில்லை. உள்ளேயே வைத்துக்கொண்டு, "தேநீர் சாப்பிட்டுட்டுப் போங்க சம்பந்தி" என்றாள். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கத்தினாள். குழாயில் வந்த தண்ணீர் பயந்து திரும்பிப் போயிருக்க வேண்டும்; அரை மணி நேரம் வரவில்லை.

தங்கை போன் செய்தாள்.

"பெரிய உலைக்கு அளவெடுக்க வந்துட்டாங்க அக்கா. கயிறு பிடிக்க என் கொடிக்கம்பத்தையே கேக்கறாங்க."

"நான் இன்னிக்கு அந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்ணிட்டேன். கட்டடமே கேட்டுது."

"ஆமா. கட்டடம் கேக்கும். தெரு கேக்கும். நீ சின்ன வயசுல கத்தினா பக்கத்து ஊரே கேக்கும்." தங்கையின் குரல் அவள் இஸ்திரிபோலவே சூடாகவும் சுருக்கமில்லாமலும் இருந்தது. "அத்தனை சத்தம் போட்டும் இந்தத் தெருவுல ஒரு செங்கல் நகர்ந்திருக்கா? முப்பது வருஷமா கத்தறே. அவங்களுக்குப் பழகிப்போச்சு அக்கா. ரயில் சத்தம் மாதிரி. எங்க தெருவுல ரயில் வரலைன்னாத்தான் தூக்கம் கலையும்."

இந்த முறை குக்கர்தான் போனை வைத்தாள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்ததும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மற்ற ஆறு நாடுகளுக்கும் போன் செய்தாள். வாயைத் திறக்காதே என்று மெத்தை சொன்னது நினைவிருந்தது. போனில் பேசுவதற்குக் காதுதான் முக்கியம் என்று சமாதானம் செய்துகொண்டாள். ஒரு நாட்டின் பிரதிநிதி, தன் அமைச்சர் உலை நாட்டில் விருந்துக்குப் போயிருக்கிறார், வாய் நிறைய இருக்கும்போது எப்படிப் பேசுவது என்றார். இன்னொருவர், "உலை வர்றது உங்க ஊர்ல. நீங்களே சும்மா இருக்கீங்க. எனக்கு என்ன தலையெழுத்து?" என்றார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வரி எனக்கும் பிடிக்கலைம்மா. இங்க யாருக்குமே பிடிக்கலை. ஆனா முதல்ல தலையை நீட்டறவன் மேலதானே கல்லு விழும்? யாராவது ஆரம்பிங்க, பின்னாடியே வரோம்."

ஆறு பேரும் ஏதோ ஒரு விதத்தில் அதையே சொன்னார்கள். பூனைக்கு மணி கட்ட எல்லோரும் தயார். மணியைக் கையில் எடுக்க ஒருவரும் இல்லை.

குக்கர் எழுந்து மெத்தையின் அறைக்குப் போனாள். அறையில் ஆள் இல்லை. கை கழுவப் போயிருந்தார். கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. ஏழு நாட்டு அஞ்சல் வட்டம் திரையில் பளிச்சென்று இருந்தது. 'ஆட்சேபம்' என்று ஒரு சொல் தட்டினால் போதும். அவள் விரல் விசைப்பலகைக்கு ஒரு சாண் தூரம்வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு அந்த விரலால் தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு திரும்பினாள். கத்துவாள்; களவாட மாட்டாள். கோபம் வந்தது, இப்போது தன் மேலேயே.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது செயலகத்திலிருந்து எல்லோருக்கும் ஒரு நினைவூட்டல் வந்திருந்தது. மௌனம் நண்பகலில் முடிகிறது என்பதுதான் சேதி. கீழே ஒரு மரியாதை வரி: இந்த வரைவுக்கு வழிகாட்டிய பிரதிநிதிக் குழுத் தலைவர்களின் அயராத உழைப்பைச் செயலகம் பாராட்டுகிறது.

குக்கர் அந்த வரியைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். தலையணை உறையைப் பார்த்தாள். அதன்பின் அவள் செய்த காரியத்தை ஆறாவது மாடி இன்றுவரை கிசுகிசுப்பாகத்தான் சொல்கிறது. அவள் சிரித்தாள்.

வெளியே உட்கார்ந்திருந்த ஸ்டெனோ அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

"விசில் அடிக்கிற குக்கரால ஆபத்து இல்லைங்க" என்றார் ஸ்டெனோ. "விசில் வராத குக்கர் பக்கத்துலதான் நிக்கக் கூடாது."

மெத்தை திரும்பி வந்து நாற்காலியில் அமிழ்ந்திருந்தார். கதவு மெல்லத் தட்டப்பட்டது. இருபது வருடத்தில் குக்கர் கதவைத் தட்டியதில்லை. கதவுகளே முன்கூட்டித் திறந்துகொள்ளும்.

"உள்ள வரலாமா சார்?"

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். மிரண்டவள் சாதுவானால் எது கொள்ளாது என்று முன்னோர் யாரும் சொல்லிவைக்கவில்லை. மெத்தையின் முகத்தில் முதல்முறையாக ஒரு சுருக்கம் விழுந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் சார். நேத்து அதிகமாப் பேசிட்டேன். மனசு கேக்கலை." பொய் இல்லை, மனசு கேட்கத்தான் இல்லை. "செயலகத்துலேருந்து உங்களைப் பாராட்டி எழுதியிருக்காங்களே, பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் மெத்தை. சுருக்கம் மறைந்தது. "அயராத உழைப்புன்னு போட்டிருக்காங்க."

"ஏழு நாட்டுக்கும் போயிருக்கு. எனக்கு ஆச்சரியம் என்னன்னா சார், நீங்க இவ்வளவு நேரம் பதில் போடாம இருக்கீங்க. மத்தவங்க போடாம இருக்கலாம். அவங்க வளர்ப்பு அப்படி. நீங்க யாரோட பாராட்டையும் கீழே விட்டு நான் பார்த்ததில்லை."

மெத்தை நெளிந்தார். பாராட்டுக்கு நன்றி சொல்லாமல் ஒரு காலைப் பொழுதைக் கடத்தியது அவருக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது உண்மை. "மௌன காலமாச்சேம்மா" என்றார் பலவீனமாக.

குக்கருக்கு உள்ளே கொதித்தது. கையை மேசைக்குக் கீழே இறுகக் கட்டிக்கொண்டாள். "அதைப் பத்தின விதி எனக்குத் தெரியும் சார். நான்தான் எழுத வச்சேன். சொல்லட்டுமா?"

நியாயத்துக்கு அவள் கொடுத்த ஒரே சந்தர்ப்பம் அது. அவர் 'சொல்லும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சொல்லியிருப்பாள், கதையும் அங்கேயே படுத்திருக்கும்.

"வேண்டாம், வேண்டாம்." மெத்தை அவசரமாகக் கையை ஆட்டினார். இவள் விதியைப் பற்றி ஆரம்பித்தால் எந்த விசிலில் முடியும் என்று அவருக்குத் தெரியும். "விதியெல்லாம் எனக்கும் தெரியும்மா. ஆட்சேபம் சொன்னாத்தானே தப்பு. நன்றி சொல்றது எந்த ஊர்ல ஆட்சேபம்?"

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அந்தக் கதவு ஒருவேளை அழுதிருக்கும்.

மெத்தை விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் பத்து விரலாலும் கெட்டது. செயலகத்துக்கு நன்றி, ஆறு நாட்டுச் சகோதரர்களுக்கு நன்றி, மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்றி, கூட்ட அறையில் தண்ணீர் வைத்தவர்களுக்கு நன்றி என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோருக்கும் அனுப்பினார். மனச்சுமை இறங்கிய நிம்மதியில் ஒரு பிஸ்கட் எடுத்துக் கடித்தார்.

அதை விழுங்குவதற்குள் செயலகத்தின் பதில் வந்துவிட்டது. தங்கள் செய்தி கிடைத்தது. விதிப்படி மௌனம் கலைந்தது. வரைவு மறுபடி மேசைக்கு வருகிறது. மௌனத்தைக் கலைத்த நாட்டின் தலைவர் அடுத்த வாரம் ஏழு நாடுகளின் முன் தம் ஆட்சேபத்துக்கான காரணங்களை விளக்குவார்.

வாழ்க்கையில் முதல்முறையாக மெத்தை ஒரு மின்னஞ்சலுக்கு நன்றி எழுதவில்லை.

"நீ சொல்லலையேம்மா" என்றார், குக்கர் மறுபடி அறைக்குள் வந்தபோது. இந்த முறை அவள் கதவைத் தட்டவில்லை.

"சொல்லட்டுமான்னு கேட்டேன் சார். வேண்டாம்னீங்க."

"செயலகத்துக்கு எழுதிடலாம். கைதவறி நன்றி சொல்லிட்டோம்னு."

"எழுதுங்க. ஏழு நாட்டுலயும் சிரிப்பாங்க. கடன்பத்திரம் விக்கப்போற நாடு, நன்றிக்கும் ஆட்சேபத்துக்கும் வித்தியாசம் தெரியாம மௌனத்தைக் கலைச்சுதாம்னு. சந்தையில நம்ம பத்திரத்தை எவன் வாங்குவான்? அமைச்சர் கேட்டா நீங்களே சொல்லிடுங்க சார். எனக்குத்தான் வாயைத் திறக்க அனுமதியில்லையே."

மெத்தை குழிந்தார். இந்த முறை உப்பவில்லை. "நம்மகிட்ட ஆட்சேபத்துக்குக் காரணம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

அப்போது அடித்ததுதான் அந்த வருடத்தின் பெரிய விசில். நேற்றிலிருந்து அடக்கியது, சம்பந்தியிடம் விழுங்கியது, கதவைத் தட்டியது, சார் சார் என்று குழைந்தது எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. காரணம் இருக்கிறதாவா என்று தொடங்கினாள். நம்பிக் காசு போட்ட டீச்சரிடம் ஆரம்பித்து, இலை ஒட்டிய புகைபோக்கிக்குப் போய், செத்த குருவியைத் தூக்கி, கொடிக்கம்பத்தில் அளவெடுத்தவன் தலையில் போட்டு, பேர் மாற்றினால் நாற்றம் போய்விடுமா என்று கேட்டாள். கறுப்பைக் கறுப்பு என்று சொல்ல வக்கில்லாதவர்களுக்கு எதற்கு ஏழு நாடு, எதற்குக் கொடி, எதற்குக் கோட்டு என்று கேட்டாள். அமைச்சர் படம் ஆணியோடு கீழே வந்தது. மெத்தை அதை எடுக்கப் போகவில்லை, குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஏழு கொடி வைத்த நீள மேசையில் மெத்தை எழுந்து நின்று அதைத்தான் வாசித்தார். வசவுகளையெல்லாம் எடுத்துவிட்டு, எங்கள் நாடு ஆழ்ந்த கவலையுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறது என்று பஞ்சு சுற்றி வாசித்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த குக்கருக்குத் தன் சூடான கோபத்தை எவனோ குளிர்பெட்டியில் வைத்து எடுத்து வந்து பரிமாறுகிறான் என்று ஆத்திரமாக வந்தது. அவர் முடிக்கும்போது, குக்கர் சொல்லிக்கொடுத்து அனுப்பியபடி, அவள் தங்கையின் தலையணை உறையை மேசைமேல் விரித்தார்.

"இது வெள்ளை" என்றார்.

வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் தலை நீண்டாயிற்று. போனில் குரலைத் தாழ்த்தியவர், தமக்கும் இதே ஐயம் நெடுநாளாக உண்டு என்றார். விருந்துக்காரருக்கும் வாய் காலியாகியிருந்தது. நேற்றுவரை ஊமையாக இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். அந்தி சாய்வதற்குள் நாற்பதாம் பக்கத்து வரி அடிபட்டது. எல்லாம் முடிந்ததும் மெத்தை அனைவருக்கும் நன்றி சொல்ல வாயெடுத்தார். ஆறு நாட்டுப் பிரதிநிதிகளும் சேர்ந்து கையமர்த்திவிட்டார்கள்.

சம்பந்தி அதற்கப்புறம் குக்கரிடம் பேசுவதில்லை. மகள் போன் செய்து, "மாமா ஒரு மாசமா உன்னைப் பத்தி வாயே திறக்கலைம்மா" என்றாள்.

"அப்படின்னா ஒத்துக்கிட்டார்னு அர்த்தம்" என்றாள் குக்கர்.

தங்கையிடம் தானே நேரில் போய்ச் சொன்னாள். தங்கை கொடியிலிருந்து ஒரு விரிப்பை உருவி, உதறி, ஒரு முனையை அக்காவின் கையில் கொடுத்தாள். இருவரும் மடித்தார்கள். மடிப்பின் நடுவே ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள் தங்கை. விரல் கறுத்தது. தெருக்கோடியில் சின்ன உலை, யாரும் ஒன்றும் சொல்லாத தைரியத்தில், நிதானமாகப் புகைந்துகொண்டிருந்தது.

"பெரிசு வரலை, சரி" என்றாள் தங்கை. "இது எந்த நாட்டு ஒப்பந்தம்?"

"எந்த நாடும் இல்லை. நகராட்சி."

"அங்க யார் தலைவர்?"

குக்கர் விரிப்பைத் தங்கையின் கையில் திணித்துவிட்டு, உலை இருந்த திசையில் நடக்க ஆரம்பித்தாள். மூக்கு விடைத்திருந்தது. தெருவில் கொடிக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்த நாய்கள் இரண்டும் எழுந்து, ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டன.